செபஸ்தியான் சொன்னது

பாலக்கரையில் கிளமென்ட் என்பவர் ஒரு மோட்டார் பட்டறை வைத்திருந்தார். அங்கே செபஸ்தியான் என்று ஓர் எலெக்ட்ரிஷியன் இருந்தார். ஐம்பதுகளில் திருச்சியில் டாக்ஸி ஓட்டியவன் எவனும் அவரைத் தெரியாது என்று சொல்ல மாட்டான். அவரைப் பற்றி இரண்டு பேச்சு உண்டு. வேலையில் கெட்டிக்காரர் என்பது ஒன்று. கவனக்குறைவால் ஒரு பெண்ணின் உயிர் போகக் காரணமானவர் என்பது இன்னொன்று. முதல் பேச்சு உண்மை. இரண்டாவது பொய். அந்தப் பொய்யைச் சொன்னவன் நான்தான்.

என் பெயர் வீரமலை. ஸ்ரீரங்கம் மொட்டைக் கோபுரத்துக்குப் பக்கத்து ஸ்டாண்டில் பதினைந்து வருஷமாக டாக்ஸி ஓட்டுகிறேன். எனக்கு முன்கோபமும் அதிகம், வாயும் அதிகம். சவாரிக்கு வந்தவர் கதவை ஓங்கிச் சாத்தினால்கூட நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பேன். அப்பேர்ப்பட்ட வாய், சொல்லியே ஆக வேண்டிய ஒரு வார்த்தையை ஒன்பது வருஷம் சொல்லாமல் அடைத்துக்கொண்டு கிடந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன். என்னைப் பற்றி இதற்கு மேல் தெரிந்துகொள்ள ஒன்றும் இல்லை. அவரைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

செபஸ்தியான் என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். ஒல்லியான உடம்பு. காதில் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும், அதை வைத்து எழுதி நான் பார்த்ததில்லை. நிதானமாகப் பேசுவார். அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. சாயந்தரம் பட்டறையைப் பூட்டியதும் பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்ப்பார். நாலடி நடப்பார். திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்ப்பார். சில நாள் தெருமுனை வரை போய்விட்டு, டீக்கடைக்காரரிடம், "பூட்டிட்டேன்ல? நீங்க பாத்தீங்கல்ல?" என்று கேட்பார். நாங்கள் அவருக்கு "பூட்டு மாமா" என்று பெயர் வைத்திருந்தோம். அவர் காது படவே சொல்வோம். சிரித்துக்கொள்வாரே தவிரக் கோபப்பட மாட்டார்.

சனிக்கிழமை தவறாமல் மாதா கோயிலுக்குப் பாவசங்கீர்த்தனத்துக்கு, அதாவது பாவத்தைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்க, போவார். "ஒரு வாரத்துல இந்த மனுஷன் அப்படி என்ன பாவம் பண்ணியிருப்பார்? சாமியார் பாவம், இவர் சொல்லி முடிக்கறதுக்குள்ள தூங்கிடுவாராம்" என்று கிளமென்ட்டே கேலி செய்வார். செபஸ்தியானின் மனைவி லூர்துராணி அதற்கு மேல். "அடுப்பை அணைச்சியா, அடுப்பை அணைச்சியான்னு மூணு வாட்டி கேப்பாரு. நான் அணைச்சுட்டேன்னு சொன்னப்புறம் அவரே போயி பாத்துட்டு வருவாரு" என்பார். சொன்னேனா, செய்தேனா என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டே இருக்கிற மனிதர். இதை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்தப் பலவீனத்தைத் தெரிந்துகொண்டுதான் நான் அதன்மேல் காலை வைத்தேன்.

ஐம்பத்தேழாம் வருஷம், கார்த்திகை மாதம். நான் ஓட்டியது லேண்ட்மாஸ்டர் வண்டி. சொந்த வண்டி இல்லை, முதலாளி வண்டி. ஒரு நாள் சாயந்தரம் டாஷ்போர்டு விளக்குகள் அணைந்துபோயின. முன் விளக்கு இரண்டும் நன்றாக எரிகின்றன. டாஷ்போர்டு மட்டும் இருட்டு. முள் எங்கே நிற்கிறது என்று தெரியவில்லை. ரேடியேட்டர் லேசாக ஒழுகிக்கொண்டிருந்த வண்டி அது. சூடு காட்டும் முள்ளைப் பார்க்காமல் தூரப் பயணம் போக முடியாது. மறுநாள் மூன்று மணிக்குப் புத்தூரில் ஒரு சவாரி ஒத்துக்கொண்டிருந்தேன். உப்பிலியபுரம் போக வேண்டும். சவாரி நாளன்று பன்னிரண்டு மணிக்கு வண்டியைக் கொண்டுபோய்ப் பட்டறையில் நிறுத்தினேன்.

செபஸ்தியான் டாஷ்போர்டைத் தொடவே இல்லை. விளக்கு ஸ்விட்சை இழுத்துவிட்டு நேராக வண்டிக்குப் பின்னால் போனார்.

"டாஷ்போர்டு முன்னாடில்ல இருக்கு? நீங்க எங்கண்ணே போறீங்க?" என்றேன்.

"பின் விளக்கும் எரியலை தம்பி, பாத்தீங்களா?" என்றார். நான் பார்க்கவில்லை. "இந்த வண்டியில டாஷ்போர்டுக்கும் பின் விளக்குக்கும் ஒரே பியூஸ். ஒண்ணு போனா ரெண்டும் போகும்."

அது எனக்குத் தெரிந்ததுதான், அவசரத்தில் தோன்றவில்லை. லேண்ட்மாஸ்டர் ஓட்டுகிற எல்லோரும் அதை ஒரு வசதியாகவே வைத்திருந்தோம். இருட்டில் வண்டியை நிறுத்தினால் இறங்கிப் பின்னால் போய்ப் பார்க்க மாட்டோம். டாஷ்போர்டில் வெளிச்சம் இருக்கிறதா, அப்படியென்றால் பின்னாலும் எரிகிறது. அவ்வளவுதான்.

பியூஸ் கருகியிருந்தது. புதிது போட்டார். ஸ்விட்சை இழுத்ததும் 'டப்' என்று அதுவும் போனது. டாஷ்போர்டு பல்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டு இன்னொரு பியூஸ் போட்டார். அதுவும் போனது. அடுத்தது, பின்னால் போகிற ஒயரைக் கழற்றினார். இப்போது பியூஸ் நின்றது, பல்புகளை மாட்டியதும் டாஷ்போர்டு எரிந்தது. "பின்னாடி போற ஒயர் எங்கேயோ பாடியில உரசி எர்த் ஆகுது. பின் சீட்டைக் கழட்டணும், டிக்கியைப் பிரிச்சுப் பாக்கணும். சாயந்தரம் ஆயிடும்" என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "சவாரி காத்துக்கிட்டு இருக்குண்ணே. சிகரெட் அட்டையில இருக்கிற ஈயத்தாளைச் சுத்திப் போடுங்க, நிக்கும். ஊர்ல எல்லாரும் அதைத்தான் பண்றான்."

"பியூஸ் நிக்கும். ஒயர் பத்திக்கிட்டு எரியும். அதை நான் பண்ண மாட்டேன்" என்றார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டது அன்றைக்கு மட்டும்தான்.

நான் விடவில்லை. நச்சரித்து, கெஞ்சி, கொஞ்சம் கத்தியும் பார்த்தேன். கடைசியில் டாஷ்போர்டுக்கு மட்டும் வேறு இடத்திலிருந்து தனியாக ஒரு ஒயர் இழுத்துக்கொடுத்தார். பின் விளக்கை அப்படியே விட்டுவிட்டார். பக்கத்தில் ஒரு ஆள் மட்கார்டை வைத்துத் தகரம் தட்டிக்கொண்டிருந்தான். அந்தச் சத்தத்தில் செபஸ்தியான் என் பக்கத்துக் கதவில் கையை ஊன்றிக் குனிந்து சொன்னார்:

"தம்பி, நல்லாக் கேட்டுக்குங்க. டாஷ்போர்டுக்குத் தனி ஒயர் கொடுத்திருக்கேன். இனிமே இது எரியறதை வச்சுப் பின் விளக்கை நம்பிடாதீங்க. பின்னாடி சுத்தமா எரியாது. பொழுது சாயறதுக்குள்ள திரும்பிடுங்க. முடியலைன்னா ஒரு அரிக்கேன் விளக்கு வாங்கிச் செவப்புத் துணியைச் சுத்திப் பின்னாடி கட்டிக்குங்க. காலையில மொத வேலையா வாங்க, பிரிச்சுப் பாத்துடலாம்." நான் கியரைப் போட்டேன். அவர் கையை எடுக்கவில்லை. "காதுல விழுந்துச்சா?" என்றார்.

"விழுந்துச்சு, விழுந்துச்சு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

ஒரு வார்த்தை விடாமல் காதில் விழுந்தது. இன்றைக்கும் கேட்கிறது.

புத்தூர் ஆஸ்பத்திரி வாசலில் அழகர்சாமியும் அவர் மனைவி பவுனம்மாளும் காத்திருந்தார்கள். உப்பிலியபுரத்தில் விவசாயம். பவுனம்மாளுக்கு வயிற்றில் கட்டி இருந்து ஆபரேஷன் செய்திருந்தார்கள். இருபது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு அன்றைக்குத்தான் வெளியே வருகிறார். முப்பத்தைந்து வயது இருக்கும். மெலிந்துபோயிருந்தார், ஆனால் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். பஸ்ஸில் குலுங்கினால் தையல் பிரிந்துவிடும் என்று டாக்டர் சொன்னதால்தான் டாக்ஸி பேசியிருந்தார் அழகர்சாமி.

ஸ்ரீரங்கம் வந்ததும் பவுனம்மாள், "ரெங்கனைப் பாத்துட்டுப் போயிடலாங்க. பொழைச்சு வந்தா வந்து பாக்கறேன்னு வேண்டிக்கிட்டேன்" என்றார். மெதுவாக நடந்து போய்ச் சேவித்துவிட்டு வர இரண்டு மணி நேரம் ஆனது. நான் தடுத்திருக்கலாம். 'வண்டியில் பின் விளக்கு இல்லைங்க, நாளைக்குப் போகலாம்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் வேறு டாக்ஸி பிடித்துப் போய்விடுவார்களே என்று பேசாமல் இருந்தேன்.

கொள்ளிடம் பாலம் தாண்டி நம்பர் ஒன் டோல்கேட் வரும்போது வெளிச்சம் மங்கிவிட்டது. அங்கே ஒரு கடை வாசலில் அரிக்கேன் விளக்குகள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. அதைப் பார்த்தேன். செபஸ்தியான் சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. மறந்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியே இல்லை. லேண்ட்மாஸ்டருக்குப் பின்னால் மாட்டு வண்டி மாதிரி லாந்தர் கட்டிக்கொண்டு போவதா, ஸ்டாண்டில் எவனாவது பார்த்தால் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவானே என்று நினைத்தேன். டாஷ்போர்டு வேறு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. கடையைத் தாண்டிப் போய்விட்டேன்.

மண்ணச்சநல்லூர் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் சூட்டு முள் ஏறியது. ஓரமாக நிறுத்தினேன். அழகர்சாமி, "பக்கத்துல வாய்க்கால் இருக்கு, தண்ணி நான் கொண்டாரேன்" என்று டின்னை வாங்கிக்கொண்டு இறங்கிப் போனார். பவுனம்மாள் பின் சீட்டில் சாய்ந்து படுத்திருந்தார், மடியில் கோயில் பிரசாதப் பொட்டலம். நான் இறங்கும்போது பழக்கதோஷத்தில் டாஷ்போர்டைப் பார்த்தேன். எரிந்தது. மனசு நிம்மதியாகிவிட்டது. அந்த ஒரு நிமிஷம் அதை அப்படியே நம்பினேன். முன்னால் போய் பானெட்டைத் தூக்கினேன்.

வைக்கோல் ஏற்றிய லாரி ஒன்று பின்னால் வந்தது. அவன் வேகமாகத்தான் வந்தான். ஆனால் ஒரு சிவப்புப் பொட்டு தெரிந்திருந்தால் ஒதுங்கியிருப்பான். லாரி இடித்த வேகத்தில் என் வண்டி என்னைப் பள்ளத்தில் தள்ளிவிட்டு முன்னால் பாய்ந்தது. எழுந்து ஓடிப் பார்த்தபோது பின் சீட்டு முன் சீட்டோடு ஒட்டிக் கிடந்தது. பவுனம்மாளை வெளியே எடுக்கும்போதே உயிர் இல்லை. அழகர்சாமி தண்ணீர் டின்னோடு வந்து நின்றார். அதைக் கீழே வைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

போலீஸ் ஸ்டேஷனில் சப்-இன்ஸ்பெக்டர் கேட்டார்: "பின் விளக்கு இல்லாம வண்டியை ஏன்யா ஓட்டினே?"

எனக்கு வீட்டில் இரண்டு பெண் குழந்தைகள். லைசென்ஸ் போனால் வேறு ஒரு தொழிலும் தெரியாது. இதையெல்லாம் நியாயம் என்று சொல்லவில்லை, அந்த நேரத்தில் மண்டையில் ஓடியதைச் சொல்கிறேன். "மத்தியானம்தாங்க எலெக்ட்ரிஷியன்கிட்ட காட்டினேன். எல்லாம் சரியாப் போச்சு, போங்கன்னு சொன்னாருங்க" என்றேன்.

மறுநாள் காலையில் செபஸ்தியானை அழைத்துவந்தார்கள். அவர் நடந்ததை நடந்தபடி சொன்னார். ஒரே பியூஸ், தனி ஒயர், அரிக்கேன் விளக்கு, சிவப்புத் துணி எல்லாவற்றையும் சொன்னார். சப்-இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். "சொன்னாரா?"

"சொல்லலைங்க" என்றேன்.

செபஸ்தியான் என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். சட்டையைப் பிடித்திருந்தால்கூட எனக்கு நல்லதாகப் போயிருக்கும். "சொல்லலியா தம்பி?" என்று கேட்டார். பூட்டிட்டேனா என்று டீக்கடைக்காரரிடம் கேட்கிற அதே குரல்.

"இல்லண்ணே. நீங்க ஒண்ணும் சொல்லலை."

அவர் முகத்தில் இருந்த பிடிப்பு அப்படியே தளர்ந்தது. "சொன்னேன்னுதான் நெனைச்சேன்... சொல்லணும்னு நெனைச்சேன், அது நிச்சயம்" என்று தனக்குள் பேசிக்கொண்டார். சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

லாரிக்காரனுக்குத் தண்டனை கிடைத்தது. என்னை எச்சரித்து விட்டுவிட்டார்கள். செபஸ்தியானைச் சட்டம் ஒன்றும் செய்யவில்லை. ஆனால் ஊர் பேசியது. அதைவிட அவர் மனசு பேசியது. ஒரு பல்பு மாட்டினால் பத்துத் தடவை பார்த்தார். வேலை முடிந்து கிளம்பிய வண்டியைத் தெருமுனைவரை ஓடிப்போய் நிறுத்தி, சொன்னதையே திரும்பச் சொன்னார். வண்டிக்காரர்கள் சலித்துக்கொண்டார்கள். இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் மத்தியானம், கையில் இருந்த குறடை மேஜைமேல் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனவர் திரும்ப வரவில்லை. கிளமென்ட் இரண்டு தடவை வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டார். "என்னால ஒயரைத் தொட முடியலைங்க" என்றாராம். லூர்துராணி செயற்கை வைரக் கல்லுக்குப் பட்டை தீட்டும் வேலை கற்றுக்கொண்டு குடும்பத்தை ஓட்டினார்.

தை மாதம் ஒரு நாள் காலையில் செபஸ்தியான் சைக்கிளில் எங்கள் ஸ்டாண்டுக்கு வந்தார். பாலக்கரையிலிருந்து காவிரிப் பாலம் தாண்டி மிதித்துக்கொண்டு வந்திருந்தார். என்னைத் தனியாக ஓரத்துக்குக் கூப்பிட்டார்.

"தம்பி, கோவிச்சுக்காதீங்க. ஒரே ஒரு தடவை நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அன்னைக்குப் பக்கத்துல தகரம் தட்டிக்கிட்டிருந்தானே. நான் சொல்லி, அந்தச் சத்தத்துல உங்க காதுல விழாமப் போயிருக்கலாம்ல?"

எனக்கே ஒரு வழி திறந்துவிட்டார் பாருங்கள். 'இருக்கலாம்ணே' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். என் லைசென்ஸுக்கும் ஒன்றும் ஆகாது, அவருக்கும் மூச்சு வந்திருக்கும். நான் பயந்தாங்கொள்ளி. ஒரு நூலை விட்டுக்கொடுத்தால் மொத்தமும் பிரிந்துவிடும் என்று நினைத்தேன். "நீங்க வாயையே தொறக்கலண்ணே. எத்தனை தடவை கேட்டாலும் இதேதான்" என்று எரிந்து விழுந்தேன்.

"சரி தம்பி. தப்பா எடுத்துக்காதீங்க" என்று சொல்லிவிட்டு சைக்கிளைத் திருப்பினார். அப்புறம் அவர் வரவில்லை.

முதல் வருஷம் லைசென்ஸுக்குப் பயந்தேன். அதன் பிறகு எதற்குப் பயந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. நாள் போகப் போக அந்தப் பொய் உண்மை மாதிரி ஆகிவிடும் என்று எதிர்பார்த்தேன், ஆகவில்லை. உப்பிலியபுரம் பக்கம் சவாரி வந்தால் வேறு ஆளிடம் தள்ளிவிடுவேன். வண்டியும் மாறியது, அம்பாசிடர் வந்தது. பெண்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். நான் வீட்டில் வாய்விட்டுச் சிரித்தாலும் பாதியிலேயே நின்றுவிடும். என் மனைவி என்னவென்று கேட்பாள். ஒன்றுமில்லை என்பேன்.

அறுபத்தாறாம் வருஷம் கடைசியில், வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில், ஸ்டாண்டில் ஒருவர் வந்து என் முன்னால் நின்றார். தலை நன்றாக நரைத்திருந்தது. தோளில் துண்டு. அழகர்சாமி. அவர் சண்டைக்கு வரவில்லை. "நல்லா இருக்கீங்களா தம்பி?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன்.

"அந்த எலெக்ட்ரிஷியன் வருஷா வருஷம் கார்த்திகையில எங்க ஊருக்கு வர்றாரு" என்றார். "மொத வருஷம் வந்தப்ப வாசல்லயே விழுந்து அழுதாரு. நான் ஏதோ கோவத்துல போய்யான்னு வெரட்டிட்டேன். மறு வருஷமும் வந்தாரு. இப்ப வந்தா சாப்பிட்டுட்டுத்தான் போவாரு. எங்க மாட்டு வண்டிக்குப் பின்னாடி செவப்புக் கண்ணாடி போட்ட விளக்கு ஒண்ணு கட்டிக் கொடுத்திருக்காரு. ஒவ்வொரு வருஷமும் அதைத் தொடைச்சுத் திரி போட்டு, எரியுதான்னு பாத்துட்டுத்தான் பஸ் ஏறுவாரு." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எனக்கு ஒரே ஒரு சந்தேகம் தம்பி. எங்க வீட்டு மண்ணெண்ண வெளக்குக்கே இத்தனை தடவை சொல்றாரு. அன்னைக்கு அந்த மனுசன் நெசமாவே உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலியா?"

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கூட்டத்துக்குள் போய்விட்டார். அவருக்குப் புரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன்.

மறுநாள் விசாரித்துக்கொண்டு கைலாசபுரம் போனேன். பெரிய தொழிற்சாலைக்காக அங்கே வீடுகள் கட்டிக்கொண்டே இருந்தார்கள். ஒரு காண்டிராக்டரின் சிமெண்ட் கொட்டகைக்கு செபஸ்தியான் வாட்ச்மேனாக இருந்தார். பக்கத்திலேயே ஓடு போட்ட ஓர் அறையில் குடியிருப்பு. ஊரெல்லாம் வயர்மேன் வேலைக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்த நேரம், ஊரிலேயே கெட்டிக்கார எலெக்ட்ரிஷியன் மூட்டைக்குக் காவல் இருந்தார்.

என்னைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "வாங்க தம்பி, உக்காருங்க. லூர்து, யார் வந்திருக்காங்க பாரு" என்று உள்ளே குரல் கொடுத்தார். லூர்துராணி காபி கொண்டுவந்து வைத்தார். விரல் நுனியெல்லாம் கல் தீட்டித் தீட்டித் தேய்ந்திருந்தது. என்னைப் பார்க்காமல் கதவருகில் போய் நின்றுகொண்டார்.

நான் காபியைத் தொடவில்லை. வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்து வந்ததெல்லாம் மறந்துபோனது. "அண்ணே, அன்னைக்கு நீங்க சொன்னீங்க" என்றேன். "எல்லாம் சொன்னீங்க. பின்னாடி எரியாதுன்னு சொன்னீங்க. அரிக்கேன் விளக்குல செவப்புத் துணி சுத்திக் கட்டச் சொன்னீங்க. எனக்கு நல்லாக் காதுல விழுந்துச்சு. போலீஸ்ல நான் சொன்னது பொய்ண்ணே. ஒன்பது வருஷமா நான்தான் பொய் சொல்றேன்." அதற்கு மேல் முடியவில்லை. அழுதுவிட்டேன்.

லூர்துராணி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

செபஸ்தியான் எழுந்து வந்து என் தோளில் கையை வைத்தார். "நீங்க நல்லா இருக்கணும் தம்பி" என்றார். "எனக்காக இம்புட்டுத் தூரம் வந்து இப்படிச் சொல்றீங்க பாருங்க, இந்த மனசு யாருக்கு வரும்? ஆனா எனக்காகப் பொய் சொல்லாதீங்க. அது பாவம்."

"பொய் இல்லண்ணே! சத்தியமாச் சொல்றேன். செவப்புத் துணின்னு சொன்னீங்க, சீட்டைக் கழட்டிப் பாக்கலாம்னு சொன்னீங்க..."

"அதெல்லாம் நான் போலீஸ் ஸ்டேஷன்ல சொன்னதுதானே. நீங்க பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டுத்தான இருந்தீங்க."

"'காதுல விழுந்துச்சா'ன்னு கேட்டீங்கண்ணே. கதவுல கையை ஊணிக்கிட்டுக் கேட்டீங்க. விழுந்துச்சுன்னு நான் சொன்னேன்."

அவர் சிரித்தார். "அது நான் எல்லார்கிட்டயும் கேக்கறதுதானே தம்பி. ஊருக்கே தெரியும்." பிறகு, சமாதானம் சொல்கிற மாதிரி, "அழகர்சாமி அய்யா ஏதாவது சொல்லியிருப்பாரு. பாவம், அவருக்கு எம்மேல எரக்கம். நான் ஆரம்பத்துல அல்லாடினேன், நெசந்தான். சொன்னேனா இல்லியான்னு தெரியாமத்தான் கஷ்டமா இருந்துச்சு. சொல்லலைன்னு முடிவு பண்ணப்புறம்தான் தூக்கம் வந்துச்சு. கோயில்லயும் அப்படித்தான் சொல்லி மன்னிப்பு வாங்கியிருக்கேன். மறுபடி என்னை அதுக்குள்ள இழுக்காதீங்க" என்றார்.

நான் லூர்துராணியைப் பார்த்தேன். அவர் கண்ணில் தண்ணீர் நிற்காமல் வழிந்துகொண்டிருந்தது. அவர் நம்பினார். என்றைக்குமே தன் கணவர் சொல்லியிருப்பார் என்றுதான் நம்பினார். "நான் இதைத்தானய்யா தலைதலையா அடிச்சுக்கிட்டேன்" என்று மட்டும் சொன்னார், என்னிடமா அவரிடமா என்று தெரியவில்லை. என் முன்னால் இருந்த காபி டம்ளரை எடுத்துக்கொண்டு போய் வாசலில் கொட்டினார்.

செபஸ்தியான் அதைக் கண்டும் காணாததுபோல், "கெளம்புங்க தம்பி, பொழுது சாயப் போகுது" என்றார். வண்டிவரைக்கும் கூடவே வந்தார். நான் ஏறி உட்கார்ந்ததும், "வெளக்கைப் போடுங்க" என்றார். போட்டேன். டாஷ்போர்டு எரிந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. பின்னால் நடந்துபோய்க் குனிந்து இரண்டு பின் விளக்குகள்மேலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். சூடு ஏறும்வரை வைத்திருந்தார். பிறகு என் பக்கத்துக் கதவுக்கு வந்து கையை ஊன்றிக்கொண்டார்.

"தம்பி, பின்னாடி ரெண்டும் எரியுது. சொன்னேன், கேட்டீங்களா?"

"கேட்டேண்ணே."

"அப்படி இல்ல. இப்பெல்லாம் யார்கிட்ட எது சொன்னாலும் திருப்பிச் சொல்ல வச்சுடறேன். நீங்களும் சொல்லிடுங்க."

"பின்னாடி ரெண்டும் எரியுதுன்னு சொன்னீங்கண்ணே" என்றேன்.

அவர் திருப்தியாகத் தலையை ஆட்டிவிட்டுக் கையை எடுத்தார்.